ஆடி மாசம் எடுத்த ராக் ஆல்பம்

சவுண்ட் வேலைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி, தங்கச்சிங்களுக்கு.

மிஷின் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்லை. எந்த மைக்கை எங்கே வைக்கணும், எதைத் திருகணும், அதெல்லாம் உங்க போன்லயே வருது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, சர்ச் கன்வென்ஷன்னு மைக் செட் போட்டே பாதிக் காலம் போச்சு. அப்புறம் தாம்பரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ரெக்கார்டிங். இப்போ வேலையை விட்டாச்சு.

போன்ல வராத ஒண்ணு இருக்கு. எப்போ ஆரம்பிக்கிறது, எப்போ நிறுத்தறதுங்கிறது. அதுக்கு ஒரு வேலையைச் சொல்றேன். நான் கடைசியா செய்த வேலைகளில் ஒண்ணு.

ஒரு ஹார்ட் ராக் பேண்ட். அவங்களோட முதல் ஆல்பம். நாலு பேர். பொத்தேரியில் காலேஜ் படிக்கும்போது சேர்ந்தவங்க. ரூம் எடுத்து வாசிப்பாங்க. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். வேற ரூம் எடுப்பாங்க. அங்கேயும் காலி பண்ணச் சொல்வார். இப்படியே வளர்ந்த பேண்ட்.

கிட்டார் கார்த்தி. அவன்தான் தலைவன். ஐடி கம்பெனி. முதலில் கோபம் வரும், பின்னாடி கார்த்தி வருவான். டிரம்ஸ் ஸ்டெல்லா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்கணும். டிரம்ஸில் உட்கார்ந்தால் காதைப் பொத்திக்கணும். பாடறவன் ஒருத்தன், பேஸ் வாசிக்கிறவன் ஒருத்தன். நல்ல பசங்க. இந்தக் கதையில் அவங்களுக்கு ஜமக்காளம் தூக்கற வேலைதான்.

எங்க ஸ்டூடியோ ரூம் சின்னது. அதில் ஸ்டெல்லா வாசிச்சால் பிஸ்கட் டின்னைத் தட்டற மாதிரி இருந்தது. இந்தப் பாட்டுக்கு அது ஆகாது. பெரிய இடம் வேணும், உயரமான கூரை வேணும். டிரம்ஸை மட்டும் அங்கே எடுத்துட்டு, கிட்டார், பேஸ், குரலெல்லாம் அப்புறம் ஸ்டூடியோவில் சேர்த்துக்கலாம். கார்த்தி பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிச்சுட்டு வந்தான்.

"ஆடி மாசம்ணா. கல்யாணமே கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நம்மளுதுதான்."

நல்ல யோசனைன்னோம். ஆடியில் கல்யாணம் இல்லைங்கிறது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆடியில் வேற என்ன இருக்குங்கிறது ஒருத்தருக்கும் வரலை. வருஷா வருஷம் ஆடி முழுக்க அம்மன் கோயிலில் செட் போட்டுச் சாப்பிட்ட எனக்கும் வரலை.

இதில் ஒரு அவசரம் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு அமுங்கிப் போயிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன். அப்புறம் பல மாசம் குச்சியைத் தொடக் கூடாது. பழைய வேகம் வருமான்னு கேட்டதுக்கு டாக்டர், பார்க்கலாம்னு சொல்லியிருந்தார். பாடறவனுக்கு வெளிநாட்டில் வேலை, அடுத்த மாசம் கிளம்பறான். தள்ளிப் போட வழியில்லை. ஸ்டெல்லாவோட அடி அந்த ஆல்பத்தில் இருக்கணும்னா அந்த ரெண்டு நாளுக்குள்ள இருக்கணும்.

சனிக்கிழமை காலையில் இறங்கினோம். டிரம்ஸ் மேடையில், மாப்பிள்ளை பொண்ணு உட்கார்ற இடத்தில். என் மிஷின் மணமகள் அறையில், கண்ணாடிக்கு முன்னாடி. ஃபேனெல்லாம் நிறுத்தி, மைக் வைச்சு முடிச்சு, ஸ்டெல்லா ஒரு அடி அடிச்சாள். சத்தம் கூரைக்குப் போய் நின்னு, மெதுவா இறங்கி வந்தது. கார்த்தி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

"அண்ணா, இதுதாண்ணா! இதுக்குத்தான் தவம் கிடந்தோம்."

ரெக்கார்டிங்கைப் போட்டேன். வெளியே அம்மன் பாட்டு ஆரம்பிச்சது.

எங்கேயோ தூரத்தில் இல்லை. மண்டபத்து கேட்டை ஒட்டின கரண்ட் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது, மூஞ்சி எங்க பக்கம். தெருக்கோடியில் கோயில். அந்த ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊத்தறாங்க. சனிக்கிழமையே செட் ஆரம்பம்.

கார்த்தி ஓடினான். நான் பின்னாடி போனேன். கோயில் பக்கத்தில் பந்தல் நிழலில் செட்டுக்காரர் பாபு உட்கார்ந்திருந்தார். என் வயசில் பாதி இருக்கும்.

"அண்ணே, கொஞ்சம் குறைங்க. உள்ள ரெக்கார்டிங் போகுது."

"இன்னா ரெக்கார்டிங்கு?"

"ராக் ஆல்பம்."

"ஓ, அந்த தடதடா நீங்கதானா? இங்க வரைக்கும் கேக்குது. நான் எதுனா சொன்னனா?"

"இது பப்ளிக் நியூசன்ஸ் தெரியுமா?"

பாபு ஆம்ப் பக்கம் திரும்பினார். சத்தத்தை ஒரு சுத்து ஏத்தினார்.

நான் ஒண்ணும் சொல்லாமத் திரும்பினேன். கார்த்திக்கு என் மேலேயும் கோபம். ஆனா ஒருத்தர் செட் ஓடும்போது இன்னொரு செட்டுக்காரன் போய் நிறுத்துன்னு சொல்றது எங்க பழக்கத்தில் இல்லை. பாபு அங்கே உட்கார்ந்திருக்கிறது சத்தம் வரத்தான். அது வரலைன்னா அவர் எதுக்கு?

அன்னிக்கு முழுக்க ஜன்னல்களை அடைச்சுப் பார்த்தோம். மண்டபத்து ஜமக்காளம், மெத்தை, தலையணை எல்லாத்தையும் பசங்க தூக்கிக் கட்டினாங்க. அம்மன் பாட்டு ஜமக்காளத்தையும் தாண்டி வந்தது. டிரம்ஸ் மைக்கெல்லாம் ஈ பறந்தாலும் பிடிக்கிற மைக். சனிக்கிழமை போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடியறதுக்கு முன்னாடியே பாட்டு. கார்த்தி ராத்திரி தூங்கலை போல. மேடையில் வந்து உட்கார்ந்தான்.

"ஸ்டெல்லா, கோவிச்சுக்காத. மிஷின் டிரம்ஸ் போட்டுடலாம். நீ வாசிக்கிற மாதிரியே புரோகிராம் பண்றேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

ஸ்டெல்லா மணிக்கட்டில் பட்டை சுத்திக்கிட்டிருந்தாள். நிமிரலை.

"எனக்குத் தெரியும்ல?"

"வேற வழி சொல்லு."

"போட்டுக்கோ. ஆனா அதில் நான் வாசிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

பாடறவன் போய் ஒரு ஜமக்காளத்தைச் சும்மாவே சரி பண்ணினான்.

அந்த நேரத்தில் வெளியே டப்புன்னு ஒரு சத்தம். பாட்டு நின்னு போச்சு.

கொஞ்ச நேரம் எல்லாரும் அப்படியே நின்னோம். பாட்டு மறுபடி வரலை. எனக்குப் புரிஞ்சது. குழாய்க்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப் புகைஞ்சுடுச்சு. ரெண்டு நாளா ஓயாம ஓடற செட்டுக்கு அது நடக்கும். கார்த்தி சத்தம் வராமக் குதிச்சான். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடா!"

உடனே முதல் பாட்டைப் போட்டோம். ஸ்டெல்லா வாசிச்சாள். நான் மணமகள் அறைக் கதவிடுக்கில் பார்த்துக்கிட்டிருந்தேன். பாதிப் பாட்டில் மண்டபத்துக் கதவு திறந்தது. ஒரு அம்மா, மஞ்சள் புடவை, நெத்தி நிறைய குங்குமம். கூட பாபு. நான் கையைத் தூக்கினேன். ரெண்டு பேரும் நின்ன இடத்திலேயே நின்னாங்க. பாட்டு முடிஞ்சு கடைசிச் சத்தம் அடங்கற வரைக்கும் மூச்சு விடலை.

அந்த அம்மா பேர் தேவகி. அந்தத் தெருவில் இட்லிக் கடை. கூழ் ஊத்தற பொறுப்பு அவங்களோடது.

"ஐய, பொம்பளப் புள்ளையா இந்த அடி அடிக்கிது? நான் எவனோ ஒரு தடியன்னு நெனச்சினு கீறேன்."

ஸ்டெல்லா சிரிச்சாள். தேவகியம்மா வந்த விஷயத்துக்கு வந்தாங்க. "கண்ணு, எங்க ஆம்ப்பு பூட்ச்சி. கூழு எறக்கற நேரம். உங்ககிட்ட ஒண்ணு இருந்தா குடுங்களேன், பொழுதுக்குள்ள குடுத்துர்றோம்."

கார்த்தி முந்திக்கிட்டான். "எங்ககிட்ட இல்லக்கா."

அவன் முதுகுக்குப் பின்னாடி மேடை ஓரத்தில் என் பழைய ஆம்ப் இருந்தது. மணமகள் அறையிலிருந்து மேடைக்குப் பேச ஒரு ஸ்பீக்கர் வேணும்னு நான்தான் இறக்கியிருந்தேன். சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டிருந்தது. பாபு அதைப் பார்த்துட்டார். செட்டுக்காரன் கண்ணுக்கு முதலில் அதுதான் தெரியும். ஆனா அவர் வாயைத் திறக்கலை.

"பரவால்ல கண்ணு, நீ வாசி"ன்னு தேவகியம்மா திரும்பினாங்க.

தம்பிங்களா, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கிடைக்காத அமைதி கிடைச்சிருக்கு. வாயை மூடிக்கிட்டிருந்தால் போதும். நான் யோசிச்சேன். பாபு இப்போ என்ன செய்வார்? தாம்பரத்துக்கு வண்டியை விடுவார். தெரிஞ்ச செட்டுக்காரர்கிட்ட ஆம்ப் வாங்குவார். வந்து மாட்டுவார். எப்போ வருவார்னு எனக்குத் தெரியாது. மூணாவது பாட்டு நடுவில் வரலாம். அஞ்சாவது பாட்டுக் கடைசியில் வரலாம். ஸ்டெல்லா கையில் எத்தனை பாட்டு மிச்சம்னும் தெரியாது. ஒரு பாட்டை ரெண்டு தடவை வாசிக்க அந்தக் கை தாங்காது.

எப்போ உடையும்னு தெரியாத அமைதியை நம்பி வேலை செய்ய முடியாது. எப்போ வரும்னு தெரிஞ்ச சத்தத்தோட செய்யலாம்.

"இருக்கும்மா"ன்னேன்.

"அண்ணா!" கார்த்தி கத்தினான்.

"இருக்கு. எடுத்துக்கங்க. ஒரு உதவி வேணும்."

ஸ்டெல்லா கையைக் காட்டினேன். ஆபரேஷனைச் சொன்னேன். தேவகியம்மா மேடை ஏறிப் போய் அந்தக் கையைப் பிடிச்சுப் பார்த்தாங்க. வீங்கியிருந்தது.

"நாளிக்கு ஆபரேசன் வெச்சிக்கினு இன்னிக்கு இந்த அடி அடிக்கிற. உனுக்கு இன்னா பைத்தியமா?"

"ஆமாக்கா."

தேவகியம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "அம்மனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இந்தக் கொழா கட்னது ஜனத்தக் கூப்ட. ஜனம் சொம்ப எடுத்துனு வந்து நின்னுச்சி. பாட்ட நிறுத்திக்கலாம். ஆனா உபயதாரர் பேரு படிச்சே ஆவணும். படிக்கலனா என்னிய சும்மா வுட மாட்டானுங்க."

"ஒரே மூச்சாப் படிக்க வேணாமே. விட்டு விட்டுப் படிக்கலாமே"ன்னு கேட்டேன்.

எப்படியும் ஒரு பாட்டு முடிஞ்சால் ஸ்டெல்லா கையை ஐஸில் வைக்கணும். அந்த நேரத்தில் பாபு பேர் படிக்கட்டும், பாட்டும் போடட்டும். கை ரெடியானதும் நிறுத்தட்டும்.

"எப்டித் தெரியும் எனக்கு?"ன்னு பாபு கேட்டார். அவரே சொன்னார், "மிஸ்டு கால் குடு தலைவரே. ஒண்ணு குடுத்தா நிறுத்தறேன். ரெண்டு குடுத்தா போடறேன்."

ஆம்ப்பைத் தூக்கும்போது கார்த்தியைப் பார்த்து, "இத எடுத்துனு போறது பப்ளிக் நியூசன்ஸ் இல்லியே?"ன்னுட்டுப் போனார்.

அப்படித்தான் அந்த ஆல்பம் ஓடிச்சு. ஒரு மிஸ்டு கால், தெரு அமைதி. உள்ளே டிரம்ஸ். ரெண்டு மிஸ்டு கால், ஸ்டெல்லா கை ஐஸில். வெளியே அரிசி மூட்டை உபயம் இன்னார், வெல்லம் உபயம் இன்னார். ஒரு தடவை பாபு ஒரு பேரைப் பாதி படிக்கும்போது என் மிஸ்டு கால் போயிடுச்சு. அப்படியே நிறுத்திட்டார். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் நேரா மண்டபத்துக்கு வந்துட்டார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை.

"யாருய்யா இங்க பெரியாளு? என் பேரு பாதிதான் வந்துது."

நான் அவரை நாற்காலியில் உட்கார வைச்சு, உதட்டில் விரல் வைச்சேன். என்ன நினைச்சாரோ, உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பிச்சது. முதல் அடியில் எழுந்திரிக்கப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தே கேட்டார். முடிஞ்சதும், "என் மச்சினிச்சி சண்ட போடற மாதிரியே கீது"ன்னு சொல்லிட்டு சந்தோஷமாப் போனார். மீதிப் பேர் அடுத்த இடைவேளையில் வந்தது. பாபு அதை ரெண்டு தரம் படிச்சார்.

மத்தியானம் தேவகியம்மா கூழ் கொடுத்து அனுப்பினாங்க. வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. பாத்திரம் வாங்க அவங்களே வந்தப்போ கார்த்தி எழுந்து நின்னான்.

"அக்கா, காலையில ஆம்ப் இல்லைன்னு சொன்னது..."

"தெரியும் கண்ணு. உனுக்குப் பொய் வராது, விட்ரு. இன்னும் ஒரு சொம்பு குடி."

இடது கையில் சொம்பைப் பிடிச்சுக் குடிச்ச ஸ்டெல்லாவுக்குப் புரை ஏறிப் போச்சு. அப்போ அவளுக்கு வீட்டிலிருந்து போன். காலையில் சர்ச்சுக்கு ஏன் வரலைன்னு அம்மா. "அம்மா, நான் கோயில் கூழ் குடிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்"னு வைச்சுட்டாள். அந்தப் பக்கம் என்ன ஆச்சோ தெரியாது.

சாயந்தரம் ஆனப்போ ஒரே ஒரு பாட்டு மிச்சம். ஆல்பத்திலேயே நீளமானது. முடிவில் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஸ்டெல்லா பெரிய சிம்பல் தட்டில் ஒரு அடி அடிக்கணும். அந்தச் சத்தம் தானா தேய்ஞ்சு அடங்கற வரைக்கும் விடணும். அதோட ஆல்பம் முடியும்.

ஐஸிலிருந்து கையை எடுத்தாள். விரல் சரியா மடங்கலை.

"அண்ணா, கை இறுகினா அவ்வளவுதான். இப்பவே போயிடலாம்."

அந்த நேரத்தில் தெருக்கோடியில் பம்பை மேளச் சத்தம். அம்மன் கரகம் ஊர்வலம் கிளம்பிடுச்சு. பொழுது சாய்ஞ்சு கிளம்பும்னு சொல்லியிருந்தாங்க. மழைக்கு இருட்டிக்கிட்டு வந்ததும் சீக்கிரம் எடுத்துட்டாங்க. பம்பைக்காரருக்கு நான் மிஸ்டு கால் கொடுக்க முடியாது. கரகத்தை நில்லுன்னு சொல்ற ஆளும் யாரும் இல்லை.

கார்த்தி, "போகட்டும்ணா, வெயிட் பண்ணுவோம்"னான். ஸ்டெல்லா குச்சியைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தாள். காத்திருந்தால் கை போயிடும். ஆரம்பிச்சால் பம்பை நடுவில் வந்துடும்.

நான் ஹெட்ஃபோனைக் கழட்டி வைச்சுட்டு வாசலுக்குப் போனேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். சந்தேகம் வந்தால் வெளியே போய்ப் பாருங்க.

கரகம் நடந்து வராது. நின்னு நின்னு வரும். வாசலில் குடம் வைச்சிருக்கிற வீட்டு முன்னாடியெல்லாம் நிக்கும். கரகம் எடுக்கிறவர் காலில் மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க, தேங்காய் உடைப்பாங்க, குழந்தைக்கு விபூதி வாங்குவாங்க. அதனால் நான் தூரத்தைப் பார்க்கலை. குடத்தைப் பார்த்தேன். கோயில் பக்கம் வீட்டுக்கு வீடு குடம், அங்கே நிக்கிற வரைக்கும் பம்பை ஸ்டெல்லா அடியில் அமுங்கிடும். அது போதும். ஆனா எங்களுக்குப் பக்கத்தில் ஒரு புது அபார்ட்மென்ட். நீளமான காம்பவுண்ட், வாசலில் ஒரு குடம் இல்லை. அந்த இடத்தைக் கரகம் ஒரே ஓட்டத்தில் தாண்டிடும். அங்கேதான் இடிக்கும். பாட்டு முடிஞ்சாலும் கடைசிச் சத்தம் அடங்க நேரம் இருக்காது.

இருந்தாலும் இப்பவேன்னு முடிவு பண்ணினேன். பம்பையைச் சமாளிக்க ஏதாவது வழி இருக்கும். இறுகிப் போன கைக்கு வழி கிடையாது. பாபுவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

"வாசி"ன்னேன். "ஒரே தடவை."

வாசிச்சாள். நான் நிறைய டிரம்ஸ் கேட்டவன். அந்தப் பாட்டை எப்படி வாசிச்சாள்னு எனக்குச் சொல்லத் தெரியலை. பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தாள், ஆனா அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. அது போதும்.

பேஸ் வாசிக்கிற பையன் கதவிடுக்கில் நின்னு எனக்குச் சைகை காட்டிக்கிட்டிருந்தான். கிட்ட வருது. இன்னும் கிட்ட. அபார்ட்மென்ட் வந்துடுச்சு. அப்புறம் அவன் கை அப்படியே நின்னு போச்சு. வாயைப் பிளந்துக்கிட்டு வெளியே பார்த்தான்.

கடைசி அடி விழுந்தது. தட்டு முழங்கிச்சு. நான் ரெண்டு கையையும் தூக்கினேன். யாரும் அசையலை. சத்தம் தேய்ஞ்சது, இன்னும் தேய்ஞ்சது, நூல் மாதிரி ஆச்சு. ஹெட்ஃபோனில் ஒண்ணுமே இல்லைங்கிற வரைக்கும் இருந்து, நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பம்பை எங்க வாசலுக்கு வந்தது.

என்ன ஆச்சுன்னு அந்தப் பையனைக் கேட்டேன். "அபார்ட்மென்ட்ல எல்லாரும் இறங்கிட்டாங்கண்ணா. பிளாஸ்டிக் பக்கெட், குளிக்கிற மக்கு, வாட்டர் கேன் கூட. மஞ்சப்பொடி கலக்கித் தூக்கிட்டு வந்துட்டாங்க. ஒருத்தர் விடாம கால்ல ஊத்தறாங்க. கரகக்காரர் நனைஞ்சு நிக்கிறார். பம்பைக்காரங்க குச்சியை இடுப்புல சொருகிட்டு தண்ணி குடிக்கிறாங்க."

என் கணக்கு அங்கே தப்பு. அபார்ட்மென்ட்காரங்களை நான் குறைச்சு நினைச்சுட்டேன். தப்பு எங்களுக்குச் சாதகமாப் போச்சு. எப்பவும் அப்படிப் போகாது. அதையும் மனசில் வைச்சுக்கங்க.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கை இப்போ பரவாயில்லை. பழைய வேகம் இன்னும் வரலை. வரும்னு அவள் சொல்றாள்.

பாட்டெல்லாம் சேர்த்து முடிச்சதும் ஒரு நாள் எல்லாரையும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஸ்டெல்லா கையில் கட்டோட உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு, முழுக்கக் கேட்டாள். முடிஞ்சதும் கண்ணைத் திறந்தாள்.

"கடைசிப் பாட்டு நடுவில் ஒரு அடி லேட்."

கார்த்தி பின்னாடி ஓட்டிக் கேட்டான். உண்மைதான். ஒரே ஒரு அடி, கொஞ்சம் பின்னாடி விழுந்திருந்தது.

"அவ்வளவுதானே, மிஷின்ல கொஞ்சம் முன்னாடி இழுத்துடலாம்"னு மவுஸைப் பிடிச்சான்.

"கை வெச்சே, உன் கிட்டாரை உடைச்சுடுவேன்."

"லேட்டுன்னு நீதானே சொன்னே?"

"லேட்டுதான். நான் அடிச்ச லேட்டு."

கார்த்தி என்னைப் பார்த்தான். நான் மிஷினை ஆஃப் பண்ணிட்டு, எல்லாருக்கும் டீ சொல்லப் போனேன்.